எர்த் பின்னை வெட்டச் சொல்லும் மகானுபாவர்களுக்கு

"வால்வு ஆம்ப்ளிஃபயர்னா கொஞ்சம் ம்ம்ம்னு முனகத்தான் செய்யும் சார், அதுதான் அதோட உயிர்" என்று இதுவரை ஐந்தாறு பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். ஒருவர் லாமிங்டன் ரோட்டில் கடை வைத்திருப்பவர். இன்னொருவர் செம்பூரில் எங்கள் கட்டிடத்திலேயே மூன்றாம் மாடி. மற்றவர்கள் எல்லாம் லட்ச ரூபாய்க்கு மேல் செலவழித்து வால்வு வாங்கி வைத்துக்கொண்டு, அது முனகுவதைக் கேட்டு, முனகலுக்கே ஒரு தத்துவம் கண்டுபிடித்தவர்கள். அந்த தத்துவத்தோடு மட்டும் நின்றிருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன். அவரவர் காசு, அவரவர் காது. முனகலை நிறுத்த இவர்கள் சொல்லும் வைத்தியம்தான் பிரச்சனை. மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை வெட்டிவிடு என்கிறார்கள். அதைக் கேட்டு தாராவியில் ஒரு பையன் வெட்டியும் விட்டான்.

முதலில் தத்துவத்தை ஒரு கை பார்த்துவிடலாம்.

முனகல் வால்வின் பிறவிக்குணம் என்றால், ஐம்பதுகளின் தமிழ்ப் பாட்டு எல்லாம் முனகலோடுதான் இருந்திருக்க வேண்டும். ஏவிஎம்மிலும் வாஹினியிலும் பாடியவர்களின் குரல் மைக்கிலிருந்து ஃபிலிம் ஓரத்து ஒலித்தடம் வரை வால்வு வழியாகத்தான் போனது, அப்போது வேறு வழியே கிடையாது. மைக்கிலிருந்து வரும் சிக்னல் சில மில்லிவோல்ட்கூட இருக்காது. அதை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்குகிற இடத்தில் வால்வு தானாக முனகினால் பாட்டு எங்கே கேட்கும்? 1956-ல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட முதல் தொலைபேசிக் கேபிளில், வழிநெடுக ஒரு கேபிளுக்கு 51 ரிப்பீட்டர்கள். ஒவ்வொன்றிலும் வால்வு. ஒருவர் ஸ்காட்லாந்தில் பேசியது அத்தனையையும் தாண்டி கனடாவில் கேட்டது. 1978 வரை அந்தக் கேபிள் ஓடியது. நம் வீட்டு ஆம்பில் இருப்பது நாலே நாலு வால்வு. நாலு வால்வை வைத்துக்கொண்டு முனகலை நிறுத்த முடியவில்லை என்றால் குற்றம் வால்வினுடையது அல்ல, ஒயரிங்கினுடையது.

இதைச் சொன்னால் உடனே கோபம் வருகிறது. ஏனென்றால் வால்வு கடையில் கிடைக்கும். ஒயரிங் கடையில் கிடைக்காது.

சரி, பையன் கதைக்கு வருகிறேன். தாராவி 90 அடி ரோட்டுக்கு உள்ளே, டிரான்ஸ்பார்மர் சுற்றித் தரும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். நம்மூர் பேச்சு கேட்கவே மாதம் ஒரு ஞாயிறு போய்விடுவேன். ஸ்டெபிலைசர், பேட்டரி சார்ஜர் இவைதான் பிழைப்பு. ஆனால் இ.எல்.84 ஜோடிக்கு அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்று சொன்னால், கம்பி கனம் என்ன, பிரைமரியை எத்தனை பாகமாகப் பிரித்துச் சுற்ற வேண்டும், நடுவில் செகண்டரியை எப்படி நுழைக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் கையை வைப்பார். அவருடைய தங்கை மகன் டிப்ளமா படிக்கிறான். மாமா சுற்றிய டிரான்ஸ்பார்மர் இரண்டு, சோர் பஜாரில் கிடைத்த ஒரு பழைய ரேடியோவின் சாஸி, இரண்டு இ.எல்.84, இரண்டு இ.சி.சி.83, ஒரு இ.இசட்.81 ரெக்டிஃபயர். பத்து வாட் புஷ்-புல் ஆம்ப் ஒன்றைத் தானே கட்டிவிட்டான். நான் பார்த்த முதல் ஆம்ப்களில் பாதிக்கு மேல் இதைவிட மோசமாக இருக்கும். பாடியது. கூடவே முனகியது.

கேபிள் டிவி பெட்டியிலிருந்து ஆடியோ ஒயர் கொடுத்ததும் முனகல் கர்ஜனை ஆகிவிட்டதாம். யாரோ ஒரு பெரியவர் (வயதில் அல்ல, பேச்சில்) "எர்த் பின்னைக் கட் பண்ணு" என்று சொல்லியிருக்கிறார். வெட்டியதும் கர்ஜனை நின்றுவிட்டது. "பின்ன கட் பண்ணுனா நின்னுருதுண்ணே, அப்ப அதுலதான பிரச்சன?" என்று என்னிடம் கேட்டான். நியாயமான கேள்வி. அதனால்தான் இந்த வைத்தியம் இத்தனை வருடமாகச் சாகாமல் இருக்கிறது. வேலை செய்கிறது!

ஏன் வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் அது எவ்வளவு கொடுமையான வைத்தியம் என்று தெரியும். ஆம்பின் சாஸி எர்த் பின் வழியாக பூமியோடு சேர்ந்திருக்கிறது. ஆடியோ ஒயரின் வெளிச்சுற்று (ஷீல்டு) சாஸியிலிருந்து டிவி பெட்டிக்குப் போகிறது. டிவி பெட்டியிலிருந்து கேபிள்காரரின் கோஆக்ஸியல் ஒயர். அதன் வெளிப் பின்னல் கூரை கூரையாகத் தாண்டி, தகரத்தில் உரசி, எங்கேயோ இன்னொரு இடத்தில் பூமியைத் தொடுகிறது. இரண்டு இடத்துப் பூமியும் ஒரே வோல்டேஜில் இருக்காது. கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் அந்த வளையத்தில் கரண்ட் ஓடும், ஓடுகிற வழியில் ஆடியோ ஷீல்டு இருக்கிறது. அதில் விழுகிற மில்லிவோல்ட்களை ஆம்ப் சிக்னல் என்று நினைத்துப் பெருக்குகிறது. அதுதான் கர்ஜனை. பின்னை வெட்டினால் வளையம் அறுபடும். சத்தம் நிற்கும். இதுவரை சரி.

இப்போது சாஸி எதோடு சேர்ந்திருக்கிறது? ஆடியோ ஷீல்டு வழியாக, டிவி பெட்டி வழியாக, கேபிள் பின்னலோடு. அதாவது பக்கத்து வீட்டோடு, அதற்கடுத்த வீட்டோடு. மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரில் ஒரு நாள் இன்சுலேஷன் போனால், அல்லது ஃபேஸ் ஒயர் ஒன்று சால்டர் விட்டு சாஸியில் விழுந்தால், எர்த் இருக்கும் ஆம்பில் என்ன நடக்கும்? பெரிய கரண்ட் பாயும், ஃபியூஸ் போகும், ஆம்ப் அணையும். கதை முடிந்தது. எர்த் வெட்டிய ஆம்பில் ஃபியூஸ் போகாது. 230 வோல்ட் சாஸியிலும் வால்யூம் குமிழ் திருகிலும் கேபிள் பின்னலிலும் அமைதியாகக் காத்திருக்கும். நான்கு கூரை தள்ளி ஏறி நிற்கும் கேபிள் பையன் ஜாயின்டைப் பிரிக்கும்போது அவன் கையில் இருப்பது நம் ஆம்பின் ஃபேஸ். அவனுக்கு வால்வு ஆம்ப் என்றால் என்னவென்றே தெரியாது.

தாராவி வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை, வெளியே செங்குத்தாக இரும்பு ஏணி, தகரச் சுவர், மழைக்காலத்தில் நான்கு மாதம் ஈரம் காயாத தரை. ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒரு கை, ஆம்பின் மேல் ஒரு கை. உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியரே உயிருக்கு ஆபத்து என்றுதான் ஆர்.சி.சி.பி. சுவிட்சையே அந்த அளவுக்கு வைத்திருக்கிறார்கள். ஈரக் காலும் இரும்பு ஏணியும் இருந்தால் அது ஒரு பொருட்டே இல்லை. "நான் இருபது வருஷமா வெட்டித்தான் வெச்சிருக்கேன், ஒண்ணும் ஆகலை" என்று சொல்பவர் பெரும்பாலும் மர டைல்ஸ் போட்ட எட்டாவது மாடி வீட்டில், ரப்பர் செருப்போடு உட்கார்ந்து சொல்கிறார். அறிவுரை மட்டும் தகர வீட்டுக்கு வந்து சேர்கிறது.

நம் மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளமாக, தடியாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது அது கடைசியில் விட வேண்டும். அந்த அளவுக்கு ஒரு பின்னுக்காக யோசித்து வைத்திருக்கிறார்கள். நாம் கட்டிங் பிளேயரை எடுக்கிறோம்.

இதெல்லாம் பயமுறுத்தல் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பெயர்கள். ஸ்டோன் த குரோஸ் என்ற குழுவின் கிதார்காரர் லெஸ் ஹார்வி, 1972 மே மாதம் வேல்ஸில் ஸ்வான்சீ நகர மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப், 1976-ல் தன் வீட்டிலேயே எர்த் சரியில்லாமல் கிதார் வாசித்துக்கொண்டிருக்கும்போது இறந்தார். உலகம் அறிந்த கலைஞர்கள் என்பதால் பெயர் பதிவாகியிருக்கிறது. நம்மூர் திருவிழா மைக் செட்டில் ஷாக் அடித்துப் போனவர்களுக்கு உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரி.

அமெரிக்க சர்க்யூட்டை அப்படியே காப்பி அடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அறுபதுகளின் கிதார் ஆம்ப் படங்களில் மெயின்ஸ் ஒயருக்கும் சாஸிக்கும் நடுவே ஒரு கண்டன்சர் இருக்கும். அப்போது அங்கே இரண்டு பின் பிளக், ஹம்மைக் குறைக்க இப்படி ஒரு வழி. அந்தக் கண்டன்சர் ஷார்ட் ஆனால் சாஸி முழுக்க மெயின்ஸ். அங்குள்ள மெக்கானிக்குகளே அதற்கு 'சாவு கண்டன்சர்' என்று பெயர் வைத்து, முதல் வேலையாகப் பிடுங்கிப் போடுகிறார்கள். நம் ஆட்கள் 'ஒரிஜினல் சர்க்யூட்' என்று பக்தியோடு அதையும் வாங்கிப் பொருத்துகிறார்கள். அங்கே 120 வோல்ட். இங்கே 230.

சரி, திட்டியது போதும். பையனின் ஆம்பில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன், ஏனென்றால் 'வெட்டாதே' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் என்னையும் தத்துவக்காரர்கள் பட்டியலில் சேர்த்துவிடுவீர்கள் :-)

முதலில் புது பிளக். எர்த் ஒயரை சாஸியில் தனி போல்ட் போட்டு, பல் வாஷர் வைத்து இறுக்கினோம். டிரான்ஸ்பார்மர் திருகோடு சேர்த்து அல்ல, அதற்கென்றே ஒரு போல்ட். பிறகு ஹெச்.டி. லைனுக்குக் குறுக்கே 220 கே, 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று. சுவிட்சை அணைத்து ஒரு நிமிடத்தில் கண்டன்சர் காலியாகிவிடும். அது இல்லாமல் 350 வோல்ட் ஏறிய 50 மைக்ரோஃபாரட் கண்டன்சருக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு போவது கட்டுவிரியனோடு விளையாடுவது. அதற்குப் பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை.

அடுத்து, எல்லா ஒயரையும் பிடுங்கிவிட்டு இன்புட்டை ஷார்ட் செய்தோம். ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் ரெசிஸ்டர், அதன் குறுக்கே மீட்டர். 18 மில்லிவோல்ட். பத்து வாட் என்றால் 8 ஓமில் கிட்டத்தட்ட 9 வோல்ட். ஆக ஹம் முழுச் சத்தத்துக்கு 54 டெசிபல் கீழே. சின்னதாகத்தான் தெரியும், ஆனால் இரவு பத்து மணிக்கு அமைதியான பாட்டுக்கு நடுவே பேய் மாதிரி உட்கார்ந்திருக்கும். வால்யூமைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாலும் மாறவில்லை. ஆகவே குற்றம் வால்யூம் கன்ட்ரோலுக்குப் பின்னால். முதல் இ.சி.சி.83-ஐப் பிடுங்கினால் பெரும்பகுதி நின்றது. ஆகவே அந்த வால்வு இருக்கும் இடத்தில்தான் நுழைகிறது. ஐந்து நிமிட வேலை, ஐந்து பைசா செலவில்லை. வால்வு மாற்று என்று சொன்ன ஒருவர்கூட இந்த ஐந்து நிமிடத்தைச் செய்யச் சொல்லவில்லை.

எந்த ஹம் என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம், சங்கீதம் கேட்கும் நமக்கு இது சுலபம். இங்கே மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ். முழு அலை ரெக்டிஃபயருக்குப் பிறகு 100 ஹெர்ட்ஸ். (அமெரிக்கப் புத்தகத்தில் 60, 120 என்று இருக்கும், அதை இங்கே தேடாதீர்கள்.) 100 ஹெர்ட்ஸ் என்பது பெண்கள் பாடும் ஐந்து கட்டை சட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே, கால் ஸ்வரம்கூட இல்லாத சின்ன ஏற்றம். 50 அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. போனில் தம்புரா ஆப் ஒன்றில் ஐந்து கட்டை வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் போதும். மழமழவென்று அடிவயிற்றில் கேட்கிற 'ம்ம்' 50: ஹீட்டர் ஒயரிங், அல்லது டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம். கரகரவென்று தேனீ மாதிரி 'ஜ்ஜ்' என்றால் 100-ம் அதன் மடங்குகளும்: பவர் சப்ளை, அதைவிட அதிகமாக கிரவுண்ட் ஒயரிங். மாட்டுங்கா சண்முகானந்தாவில் பாடகர் சுருதி அரை இழை இறங்கினால் முகம் சுளிக்கும் ஆட்கள், வீட்டில் எந்த சுருதிக்கும் சேராத ஒரு ஒத்து நாள் முழுக்க ஊதுவதை 'வால்வின் இதம்' என்று எப்படிச் சகிக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

பையனுடையது 'ஜ்ஜ்'. உடனே வரும் அடுத்த அறிவுரை தெரியுமே? "கண்டன்சரைப் பெருசாப் போடு, 470 போடு." கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஆம்ப் 100 மில்லி ஆம்பியர் இழுக்கிறது, முதல் கண்டன்சர் 50 மைக்ரோ, விநாடிக்கு 100 தடவை நிரம்புகிறது. ஏறி இறங்கும் ரிப்பிள் சுமார் 20 வோல்ட். பயந்துவிடாதீர்கள். புஷ்-புல்லில் இரண்டு அவுட்புட் வால்வும் சமமாக இழுத்தால் இது டிரான்ஸ்பார்மரிலேயே பெரும்பாலும் கழிந்துவிடும். முன் வால்வுகளுக்குப் போகும் வழியில் 10 ஹென்றி சோக் ஒன்றும் இன்னொரு 50 மைக்ரோவும் போட்டால் 20 வோல்ட் 0.1 வோல்ட் ஆகிவிடும், ரெசிஸ்டரும் கண்டன்சரும் இன்னொரு படி போட்டால் அதுவும் போயிற்று. 470 போட்டால் என்ன ஆகும்? இ.இசட்.81 தாங்குவதே 50 மைக்ரோ. அதற்கு மேல் போட்டால் ஒரு நாள் உள்ளே தீபாவளி. டயோடு போட்டுவிட்டுப் பெரிய கண்டன்சர் போட்டாலும், கண்டன்சர் இன்னும் குறுகிய நேரத்தில் இன்னும் பெரிய கரண்ட்டை மடமடவென்று குடிக்கும். கிரவுண்ட் ஒயரிங் தப்பாக இருந்தால் 'ஜ்ஜ்' குறையாது, கூடும். ரிப்பிள் குறைந்து ஹம் கூடியிருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

சாஸியைத் திருப்பிப் போட்டதும் தெரிந்துவிட்டது. ஹெச்.டி. சுற்றின் நடுமுனை சாஸியின் ஒரு கோடியில் சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. முதல் கண்டன்சரின் நெகட்டிவ் மறுகோடியில், இன்புட் சாக்கெட்டுக்குப் பக்கத்தில். சாஸிதான் எல்லாம் கிரவுண்டாச்சே, எங்கே வைத்தால் என்ன என்று நினைத்திருக்கிறான். முக்கால்வாசிப் பேர் நினைப்பதும் அதுதான். கண்டன்சர் நிரம்பும்போது பாய்வது 100 மில்லி ஆம்பியர் அல்ல, குறுகிய வெட்டு வெட்டாக ஒரு ஆம்பியர் வரை போகலாம். அது சாஸியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகிறது. வழியில் சால்டர் ஜாயின்ட், துரு எல்லாம் சேர்த்துப் பத்து மில்லி ஓம் இருந்தால்கூட 10 மில்லிவோல்ட். முதல் வால்வின் கிரவுண்டும் அதே பாதையில். ஆம்ப் பாவம், தனக்குக் கொடுத்ததைப் பெருக்குகிறது. ஊர்ச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் ஒரே பள்ளத்தில் ஓடினால் தண்ணீரைத் திட்டி என்ன பிரயோஜனம்?

நடுமுனை ஒயரை நேரே முதல் கண்டன்சரின் நெகட்டிவுக்குக் கொண்டுவந்தோம். ரெக்டிஃபயர், கண்டன்சர் இரண்டுக்குள்ளேயே அந்த வெட்டுக் கரண்ட் சுற்றிக்கொள்ளட்டும். அங்கிருந்து ஒரே ஒரு ஒயர் அடுத்த கண்டன்சருக்கு, அங்கே அவுட்புட் வால்வுகளின் கிரவுண்ட். அடுத்த ஒயர் அடுத்த கண்டன்சருக்கு, அங்கே முன் வால்வுகள். கடைசியாக இன்புட் சாக்கெட், அது சாஸியைத் தொடாதபடி ஃபைபர் வாஷர் போட்டு. இந்தக் கிரவுண்ட் லைன் சாஸியைத் தொடுவது இன்புட் பக்கத்தில் ஒரே இடம். மறுபடி மீட்டர்: 3 மில்லிவோல்ட். செலவு, அரை மீட்டர் ஒயர்.

மிச்சம் இருந்தது மழமழ 'ம்ம்'. பழைய ரேடியோக்களில் ஹீட்டரின் ஒரு முனையை சாஸியில் சேர்த்துவிட்டு ஒற்றை ஒயர் ஓட்டுவார்கள், ஒயர் மிச்சம். ரேடியோவுக்குப் போதும், சின்ன ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் எங்கே கேட்கப்போகிறது. பையன் பழைய சாஸியைப் பார்த்து அப்படியே பின்பற்றியிருக்கிறான். இரண்டு இ.எல்.84-க்கும் இரண்டு இ.சி.சி.83-க்கும் சேர்த்து 2 ஆம்பியருக்கு மேல் ஏ.சி. ஓடுகிறது, இ.சி.சி.83 என்பதோ நூறு மடங்கு பெருக்கும் வால்வு. அதன் கிரிட்டுக்குப் பக்கத்தில் இதை ஒற்றை ஒயரில் ஓட்டக்கூடாது. இரண்டு ஒயரையும் ஜடை மாதிரி இறுக்கி முறுக்கி, சாஸியின் மூலையோடு ஒட்டி ஓட்டினோம். இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர் வைத்து நடுப்புள்ளி செய்து, அதை சாஸியில் சேர்க்காமல் ஹெச்.டி.யிலிருந்து 220 கே, 33 கே பிரித்து வரும் 40 வோல்ட்டில் சேர்த்தோம். ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்கு எலெக்ட்ரான் தாவுவது அதோடு நிற்கும். 0.9 மில்லிவோல்ட். முழுச் சத்தத்துக்கு 80 டெசிபல் கீழே. ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது.

அவுட்புட் டிரான்ஸ்பார்மரை அண்ணாச்சி முதலிலேயே மெயின்ஸ் டிரான்ஸ்பார்மருக்குக் குறுக்காக வைக்கச் சொல்லியிருந்தார், அதனால் அதில் எங்களுக்கு வேலை வரவில்லை. அவர் வழி எளிது: சாஸியில் ஓட்டை போடுவதற்கு முன்பே மெயின்ஸ் டிரான்ஸ்பார்மருக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, தனியாக வைத்த அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் செகண்டரியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றித் திருப்புவார். எந்தக் கோணத்தில் சத்தம் சாகிறதோ அங்கே பென்சிலால் கோடு. அந்தக் கோட்டை மாற்றக் கூடாது.

இனி டிவி பெட்டி. வளையத்தை உடைக்கத்தான் வேண்டும், ஆனால் எர்த் பக்கத்தில் அல்ல, சிக்னல் பக்கத்தில். தாராவியில் கணினிக் கழிவு பிரிக்கும் இடத்தில் பழைய டயல்-அப் மோடம்கள் எடைக்குக் கிடைக்கும். அவற்றுக்குள் 600 ஓம் டிரான்ஸ்பார்மர் ஒன்று இருக்கும், ஒன்றுக்கு ஒன்று. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பாஸ் கொஞ்சம் போகும், செய்தி கேட்க, பழைய பாட்டு கேட்கப் போதும். நல்லது வேண்டுமென்றால் ஆடியோவுக்கென்றே விற்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர். கூடுதலாக, ஆம்புக்குள் கிரவுண்ட் லைன் சாஸியைத் தொடும் அந்த ஒரே இடத்தில் நேராகச் சேர்க்காமல், 10 ஓம் ரெசிஸ்டரும் 35 ஆம்பியர் பிரிட்ஜ் ஒன்றும் இணையாக வைத்தோம். வளையத்துச் சில்லறை வோல்டேஜுக்கு 10 ஓம் தடை. நிஜமான ஃபால்ட் வந்தால் பிரிட்ஜ் திறந்து கரண்ட்டை எர்த்துக்கு விடும், ஃபியூஸ் போகும். சாஸி மட்டும் எப்போதும் நேராக எர்த்தில், அதில் பேரமே கிடையாது. கர்ஜனை நின்றது. பின் இருந்த இடத்தில் இருக்கிறது.

"எங்க வீட்டு சாக்கெட்ல எர்த் ஓட்டை இருக்கு, பின்னாடி ஒயரே இல்லையே" என்பவர்களுக்கு: இது நியாயமான ஆட்சேபம், தாராவியில் மட்டும் இல்லை, செம்பூரில் லிப்ட் வைத்த கட்டிடங்களிலும் பார்த்திருக்கிறேன். அதற்காகப் பின்னை வெட்டலாம் என்று ஆகாது. லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு மீட்டர் போர்டிலிருந்து எர்த் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போடச் சொல்லுங்கள். வால்வு ஆம்ப் இல்லாவிட்டாலும் ஃபிரிட்ஜும் வாஷிங் மிஷினும் இருக்கிறதே. "டிவிடி பிளேயர்ல ரெண்டு பின்தானே" என்பவர்களுக்கு: அது இரட்டை இன்சுலேஷனோடு அதற்கென்றே வடிவமைத்தது. நாம் அலுமினிய சாஸியில் கையால் கட்டியது அப்படி அல்ல.

கடைசியாக வால்வு வியாபாரம். ஹம்முக்கு மருந்தாக ஜெர்மன் டெலிஃபங்கன் போடு, இங்கிலாந்து முல்லார்ட் போடு, ஒன்று பத்தாயிரத்துக்கு மேல் என்று பையனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் மாதச் செலவு அதில் பாதி இருக்காது. அவன் ஆம்பில் இருந்தது பெல் முத்திரை போட்ட இ.சி.சி.83. ஆமாம், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், நம் சுஜாதா வேலை பார்த்த அதே இடம். 1961-ல் அங்கே ரிசீவிங் வால்வு தயாரிப்பு ஆரம்பித்தது. தயாரிப்பை நிறுத்திப் பல காலமாகிவிட்டது, சோர் பஜாரில் இன்னும் தலை காட்டும். 18 மில்லிவோல்ட் காட்டியதும் அதே வால்வுதான், 0.9 காட்டியதும் அதே வால்வுதான். வால்வில் குற்றமே இருக்காது என்று சொல்லவில்லை. மைக்ரோஃபோனிக் ஆகும், ஹீட்டர்-கேத்தோடு லீக் ஆகும், அப்போது மாற்றத்தான் வேண்டும். பக்கத்து வால்வோடு இடம் மாற்றிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரியும். தங்க முலாம் பூசிய பிளக், குளிர்பதனம் செய்த பவர் கேபிள் பற்றியெல்லாம் பேசப்போவதில்லை, பெஸ்ட் கம்பெனியின் துணை மின்நிலையத்திலிருந்து கடைசி ஒன்றரை மீட்டர் மட்டும் குளிர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று அவர்களே விளக்கட்டும்.

பையனின் ஆம்பில் இப்போது மிச்சம் இருப்பது ஹம் அல்ல, மெல்லிய 'ஸ்ஸ்'. முதல் இ.சி.சி.83-ன் பிளேட்டில் பழைய ரேடியோவிலிருந்து எடுத்த கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்கள் இரண்டு இருக்கின்றன, அவற்றின் வேலை. 100 கே, 2 வாட் மெட்டல் ஃபிலிம் நான்கு வாங்கி வைத்திருக்கிறேன், நான்கும் சேர்த்து ஒரு வடாபாவ் விலைகூட ஆகவில்லை. அடுத்த ஞாயிறு போய் மாற்ற வேண்டும்.